ஒரு கண்மாய், மூன்று வேலை: உயிரியல் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காட்டுயிர்ப் பாதுகாப்பில் வேலை செய்ய வேண்டும் என்று வரும் இளங்கலை மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, முதுமலையிலோ ஆனைமலையிலோ இன்டர்ன்ஷிப் கிடைக்குமா என்பதைத்தான். கிடைத்தவர்களில் பலர் இரண்டு வாரம் ஜீப்பில் சுற்றிவிட்டு, ஒரு சான்றிதழோடும் சில யானைப் படங்களோடும் திரும்புகிறார்கள். பிறகு மேற்படிப்பு நேர்காணலில், “உங்கள் கேள்வி என்ன? எப்படிப் பதிவு செய்தீர்கள்?” என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ சைக்கிளில் போய்வரக்கூடிய ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வு அங்கே தொடங்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த ஆய்விலிருந்து வரட்டும். பாதுகாப்பு வேலை இந்த இரண்டின் பலத்தில் நடக்கட்டும். ஆய்வு ஓர் ஊரில், விழிப்புணர்வு ஊர்வலம் இன்னோர் ஊரில், மரக்கன்று நடுவது வேறெங்கோ என்று பிரித்துக்கொண்டவர்கள் எதிலும் ஆழம் போகாமல் களைத்துப்போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை மனதில் வைத்து எழுதுகிறேன். செங்கல்பட்டு ஏரிக்கும் கோவைக் குளத்துக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. எப்போது தொடங்குவது

இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் தொடங்குங்கள். கடைசிப் பருவத்துக் குறுந்திட்டத்துக்காகக் காத்திருந்து ஜனவரியில் களத்துக்கு வருவதுதான் மிகப் பொதுவான தவறு.

காரணம் மழைதான். நம் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிறைகின்றன. வலசை வாத்துகள் அதையொட்டி வந்து மார்ச் வாக்கில் கிளம்புகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பல கண்மாய்கள் வற்றி, மாடு மேயும் தரையாகிவிடும். ஜனவரியில் வருபவர் நிறைந்த கண்மாயை மட்டுமே பார்க்கிறார். செப்டம்பரில் வருபவர் காய்ந்த தரை, முதல் தண்ணீர், பறவைகளின் வரவு, வற்றுதல் என்று முழுச் சுழற்சியையும் பார்த்துவிடுகிறார். மூன்றாம் ஆண்டில் அதே சுழற்சி இன்னொரு முறை கிடைக்கும்போதுதான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கெட்டி அட்டை போட்ட சிறிய குறிப்பேடு, பென்சில், கைக்கடிகாரம், தண்ணீர், தொப்பி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். மை மழையில் கரையும், பென்சில் கரையாது. அதனால் பேனா வேண்டாம்.

இருநோக்கி (பைனாகுலர்) வாங்குவதாக இருந்தால் 8×42 அளவில் வாங்குங்கள். 10 மடங்கு உருப்பெருக்கம் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் கை நடுக்கத்தையும் அது பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் குறையும். பறக்கும் பறவையைப் புதியவரால் அதில் பிடிக்கவே முடியாது. வாங்க வசதியில்லையென்றால் துறையின் ஆய்வகத்தில் பூட்டிவைத்த இருநோக்கி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேமராவோடு தொடங்குபவர் அழகான பறவையின் பின்னால் போய்விடுவார். கரையோரம் நிற்கும் நூறு மடையான்களை எண்ண அவருக்குப் பொறுமை இருக்காது.

3. கண்மாயைத் தேர்ந்தெடுப்பது

அபூர்வப் பறவை வரும் இடத்தைத் தேட வேண்டாம். மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: வாரம் ஒருமுறை தவறாமல் போக முடியுமா, கரைமேல் நின்றால் நீர்ப்பரப்பின் பெரும்பகுதி தெரியுமா, காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமா? வெயில் எதிரே அடித்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். பின்னால் மனு கொடுக்கும்போது தவறான அலுவலகத்தில் நின்று நாட்களைத் தொலைக்காமல் இருக்க இது உதவும்.

4. எண்ணுவதற்கு முன் ஊரோடு பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். இருநோக்கியும் குறிப்பேடுமாகக் கரையில் நிற்கும் அந்நியரை ஊர் எப்படிப் பார்க்கும்? “எதுக்குத் தம்பி அளக்குறீங்க? கண்மாயை எடுக்கப் போறாங்களா?” என்று கேட்பார்கள். அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. அளவெடுக்க வருபவர்களுக்குப் பின்னால் தடைகள் வந்த அனுபவம் ஊர்களுக்கு இருக்கிறது.

ஊராட்சித் தலைவர், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், மடை திறக்கும் நீர்பாய்ச்சி, ஆடு மேய்ப்பவர் ஆகிய நால்வரையும் நேரில் பாருங்கள். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை மாதம் வருவீர்கள் என்று சொல்லுங்கள். “அண்ணே, இந்தக் கண்மாய்க்கு முன்னெல்லாம் என்ன பறவை வரும்?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். எந்த வருடம் கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) பாய்ந்தது, எந்த மரத்தில் நாரை கூடு கட்டும், எப்போது குத்தகைக்கு மீன்குஞ்சு விட்டார்கள் என்று உங்கள் ஆய்வுக்கான பின்புலம் முழுவதையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

சொன்னதைச் சொன்னவர் வார்த்தையிலேயே, தேதியோடு எழுதுங்கள். அதை உங்கள் கண்டுபிடிப்பாக எழுதிவிடக் கூடாது. பிற்பாடு அறிக்கையில் அவர்கள் விரும்பினால் பெயரோடு நன்றி சொல்லுங்கள்.

5. எண்ணும் முறையை முடிவு செய்து அதை மாற்றாமல் இருப்பது

கரையில் நான்கைந்து நிலையான புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மடை, கலுங்கு, பெரிய ஆலமரம் என்று எவரும் கண்டுபிடிக்கக்கூடிய அடையாளங்களாக இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம். சூரியன் உதித்து அரை மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகள், அதே நேரம். போகும் வரிசையை மட்டும் ஒரு வாரம் இடமிருந்தும் மறு வாரம் வலமிருந்தும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கடைசிப் புள்ளிக்கு எப்போதும் வெயிலேறிய பிறகே போய்ச் சேருவீர்கள். அங்கே பறவை குறைவு என்ற தவறான முடிவு வந்துவிடும்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் தேவை? இந்த வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் மூன்று மணி நேரம் என்று பார்த்தால், எண்ணிக்கை கூடியது பறவை கூடியதாலா, நீங்கள் அதிக நேரம் நின்றதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாறாத உழைப்புதான் எண்களுக்கு அர்த்தம் கொடுக்கிறது.

ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, நீர்மட்டம், யார் எண்ணியது. நீர்மட்டத்துக்குக் கருவி தேவையில்லை. படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எழுதினால் போதும். மீன்பிடித் திருவிழா நடந்தது, கரையில் மண் அள்ளினார்கள், புதிதாகத் தெருவிளக்கு போட்டார்கள் என்பவற்றையும் அன்றன்றே குறியுங்கள். பறவை திடீரென்று குறைந்த வாரத்துக்கு விளக்கம் பெரும்பாலும் இந்த வரிகளில்தான் கிடைக்கும்.

பார்த்த எல்லா இனத்தையும் எழுதுங்கள். காக்கையை விட்டுவிடாதீர்கள். அடையாளம் தெரிந்த எதையும் விடாத பட்டியலில்தான், எழுதாமல் இருக்கும் பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். பிடித்ததை மட்டும் எழுதிய பட்டியலில் அந்தப் பொருள் கிடையாது.

பெரிய கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்துப் பறவையை எண்ணி, அவை கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பாருங்கள். பிறகு அந்த அளவுத் துண்டுகளாகக் கூட்டம் முழுவதையும் நகர்த்தி எண்ணுங்கள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கலந்து நின்றால் முதலில் மொத்தத்தை எண்ணிவிட்டு, பிறகு விகிதத்தைப் பாருங்கள். தெரியாத பறவைக்கு “வாத்து, இனம் தெரியவில்லை, 12” என்று எழுதுவது நேர்மையான தரவு. கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதுவதும், பக்கத்தில் நிற்கும் மூத்தவர் சொன்னார் என்று எழுதுவதும் அப்படியல்ல. செயலி ஒரு யோசனை சொல்கிறது, அவ்வளவுதான். எந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்தேன் என்று ஒரு வரி எழுத முடிந்தால் மட்டும் அந்தப் பெயரைப் போடுங்கள்.

அன்று மாலைக்குள் பட்டியலை, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் (eBird) ஏற்றுங்கள். தட்டான், பட்டாம்பூச்சி, செடிகளின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் ஏற்றினால் மற்றவர்கள் அடையாளம் காண உதவுவார்கள். அடுத்த நாள் என்று தள்ளிப்போட்டால், மறந்த இடங்களை நினைவு தானாக இட்டு நிரப்பத் தொடங்கிவிடும். பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களில் நடப்பதும், ஜனவரியின் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் மற்ற பார்வையாளர்களோடு பழக நல்ல இடம். அங்கேதான் உங்கள் அடையாளம் காணும் திறனை யாராவது திருத்துவார்கள்.

6. பாதுகாப்பு

இருவராகப் போங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டிலோ விடுதியிலோ சொல்லிவிட்டுப் போங்கள். இடி மின்னல் தெரிந்தால் கரையை விட்டு உடனே இறங்குங்கள். கரைமேல் நிற்பவர்தான் அந்த வெட்டவெளியில் உயரமான பொருள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவிகளுக்கு வீட்டில் அனுமதி கிடைப்பதே பெரிய தடையாக இருக்கிறது. பெற்றோரை ஒருமுறை கண்மாய்க்கு அழைத்துக்கொண்டு போங்கள். நீர்பாய்ச்சியையும் ஊர்ப் பெண்களையும் அவர்கள் நேரில் பார்த்துப் பேசிய பிறகு, எத்தனை விளக்கம் சொல்லியும் அசையாத வீடுகள் சம்மதித்ததைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்கு எந்த வீட்டில் கேட்கலாம் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பல நல்ல மாணவிகள் களத்தை விட்டுப் போகிறார்கள்.

7. அனுமதி: எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

சரணாலயம் அல்லாத கண்மாயின் பொதுக் கரையில் நின்று பறவை எண்ண வனத்துறை அனுமதி தேவைப்படாது. கண்மாயில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடிதங்களுக்காகக் காத்திருக்காமல் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ ஆய்வு செய்யக் கட்டாயம் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதி, மாவட்ட வன அலுவலர் வழியாகவும் தெரியப்படுத்த வேண்டும். ஒரு பக்கத் திட்டக்குறிப்பு, வழிகாட்டிப் பேராசிரியரின் கையொப்பம், துறைத்தலைவர் கடிதம், தேதிகள், உடன் வருபவர்கள், எதையாவது பிடிக்கவோ எடுக்கவோ போகிறீர்களா என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதில் வர மாதங்கள் ஆகலாம். அனுமதி வருமுன் “சும்மா பார்த்துவிட்டு வருகிறோம்” என்று உள்ளே போகாதீர்கள். அது உங்கள் பேராசிரியருக்கும் உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கும் கதவை மூடிவிடும்.

புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற வரையறைக்குள் பிடிப்பதும் அடங்கும். பறவை, ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். பாம்பைக் கையில் பிடித்துப் படம் எடுப்பதும், கூட்டின் கிளையை விலக்கிக் குஞ்சுகளைப் படம் எடுப்பதும் ஆர்வம் என்ற பெயரில் நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை வேட்டையாகிவிடலாம். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பதையும் கூட்டின் மேல் ட்ரோன் பறக்கவிடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

தேவாங்கு, நட்சத்திர ஆமை, ஆந்தைக் கூடு போன்றவற்றின் இடத்தைப் பொதுவெளியில் போடவே கூடாது. நட்சத்திர ஆமை செல்லப்பிராணிக் கடத்தலுக்காகப் பிடிக்கப்படும் உயிர். உங்கள் படத்தின் பின்னணிப் பாறையே பிடிப்பவருக்கு வழிகாட்டும்.

8. ஒரே ஒரு கேள்வி

மூன்று மாதம் எண்ணிய பிறகு கேள்வியை எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம். முதல் நாளிலேயே கேள்வி எழுதுபவர்கள் “கண்மாயின் பல்லுயிர் வளம்” என்று எழுதுகிறார்கள். அது கேள்வி அல்ல, தலைப்பு.

நல்ல கேள்விக்கு எடுத்துக்காட்டு: படித்துறையில் மூன்று படி வெளியே தெரியும்போது பவளக்காலி, உள்ளான் போன்ற கரையோரப் பறவைகள் கூடுகின்றனவா? சீமைக்கருவேல மரங்களில் கூடு கட்டும் கொக்குகள் எத்தனை, நாட்டுக்கருவேலத்தில் எத்தனை?

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நீர்நிலைகளில் உள்ள சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை தென்மாவட்டங்களில் வலுவானது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து 2017-இல் பெரிய அளவில் வெட்டினார்கள். அந்த மரம் பரவிக் கண்மாயை அடைக்கிறது என்பது உண்மை. அதே மரத்தில்தான், வேறு மரம் இல்லாத கண்மாய்களில், கொக்கும் நீர்க்காகமும் நாரையும் கூடு கட்டுகின்றன என்பதும் உண்மை. எந்த மரத்தில் கூடு இருக்கிறது, குஞ்சுகள் எந்த மாதம் பறந்து வெளியேறுகின்றன என்ற வரைபடம் கையில் இருந்தால், “வெட்டுங்கள்”, “வெட்டாதீர்கள்” என்ற சண்டைக்கு நடுவே “இந்தப் பகுதியை மட்டும் இந்த மாதம் வரை விட்டுவைத்து, இடையில் நாட்டுக்கருவேலம் நடுங்கள்” என்று சொல்ல முடியும். இளங்கலை மாணவர் ஒருவர் செய்யக்கூடிய வேலை இது. இருநோக்கியும் பொறுமையும் தவிர வேறு செலவு இல்லை. கூட்டுக்கு அடியில் போகாமல் கரையிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழும், காக்கை வந்து முட்டையைத் தின்னும்.

9. தரவைக் கணினியில் ஏற்றுவது

ஒரு வரிசையில் ஒரு நாள், ஒரு புள்ளி, ஓர் இனம், ஓர் எண். இவ்வளவுதான் விதி. கட்டங்களை இணைக்காதீர்கள், நிறத்தால் பொருள் சொல்லாதீர்கள், “10-15” என்று ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். மென்பொருளுக்கு நிறம் தெரியாது, இடைக்கோடும் எண்ணாகாது.

தேதியில் மாதமும் நாளும் இடம் மாறிப்போவது அடிக்கடி நடக்கும். அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். மூலக்கோப்பை ஒருபோதும் திருத்தாமல், நகலில் வேலை செய்யுங்கள். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

பகுப்பாய்வுக்கு ஆர் மென்பொருளும், வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். இரண்டையும் சொந்தத் தரவை வைத்தே கற்றுக்கொள்ளுங்கள். பாடப்புத்தக எடுத்துக்காட்டில் மறந்துபோகும் கட்டளை, உங்கள் கண்மாயின் வாத்துகளை வரைபடமாக்கும்போது மறக்காது.

10. பள்ளிப் பிள்ளைகளிடம் போவது

ஓராண்டுத் தரவு சேர்ந்த பிறகு போங்கள். அதற்கு முன் போனால் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வீர்கள். அதை ஆசிரியர் உங்களைவிட நன்றாகச் சொல்வார். உங்களிடம் மட்டும் இருப்பது அந்த ஊர்க் கண்மாயின் கதை.

கண்மாய்க்குப் பக்கத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியரோடு சேர்ந்து திட்டமிடுங்கள். ஏழாம், எட்டாம் வகுப்பு பொருத்தமானது. எழுதவும் வரையவும் தெரியும், பொதுத்தேர்வு நெருக்கடி இன்னும் வந்திருக்காது.

முதல் வகுப்பில் படக்காட்சி வேண்டாம். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் இருபது நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். கேட்டது, பார்த்தது எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மைனா எதைக் கொத்தியது, அணில் எந்தக் கிளையில் ஏறியது என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்குவார்கள். பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் பெயர்கள் நிற்கும். பெயர்ப்பட்டியலோடு தொடங்கும் வகுப்பு இன்னொரு மனப்பாடப் பாடமாகிவிடும்.

இரண்டாவது வகுப்பில், தங்களுக்குத் தெரிந்த பறவைகளைப் பிள்ளைகளே சொல்லட்டும். சிறகி, கானாங்கோழி, ஆள்காட்டி, முக்குளிப்பான் என்று அவர்கள் சொல்வதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை, வகுப்பில் எப்போதும் பின்வரிசையில் இருக்கும் பிள்ளை, அன்று எல்லோரையும்விட அதிகம் சொல்லும். அந்தப் பிள்ளையை அடுத்த களப்பயணத்தில் வழிகாட்டியாகப் போடுங்கள். இந்த ஒரு வகுப்புக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது வகுப்பு கண்மாய்க் கரையில். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், உடன் ஆசிரியர், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் ஆகியவை இல்லாமல் நீர்நிலைக்கு அழைத்துப் போகாதீர்கள். ஒரே ஒரு நீலத் தாழைக்கோழியை ஒவ்வொரு குழுவும் பத்து நிமிடம் பின்தொடரட்டும். என்ன தின்றது, எத்தனை முறை வாலை ஆட்டியது என்று எண்ணட்டும். அது விளையாட்டாகத் தோன்றினாலும் நடத்தையியல் ஆய்வின் முறையே அதுதான். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனின் ‘எர்லி பேர்ட்’ திட்டம் பிள்ளைகளுக்கான பறவைப் பாடப்பொருட்களைத் தயாரித்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தலாம்.

தவிர்க்க வேண்டியவை சில. எல்லாம் அழிகிறது என்று தொடங்காதீர்கள். இன்னும் நேசிக்கத் தொடங்காத ஒன்றின் அழிவைப் பற்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பேசினால் பயமோ சலிப்போதான் மிஞ்சும். பாம்பைக் கொண்டுவந்து காட்டாதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பள்ளியின் அனுமதி இல்லாமல் வெளியிடாதீர்கள். ஒரு நாள் போய்விட்டு மறைந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது ஆண்டு முழுவதும் போக முடியாதென்றால் அந்தப் பள்ளிக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டாம்.

11. தரவைப் பாதுகாப்பு வேலையாக மாற்றுவது

தமிழில், இரண்டு பக்கத்தில், வரைபடத்தோடு ஓர் அறிக்கை எழுதுங்கள். ஆங்கில ஆய்வுக்கட்டுரை உங்கள் படிப்புக்கு உதவும். ஊராட்சிக்கு உதவப் போவது இந்த இரண்டு பக்கம்தான்.

ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், அந்த ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் ஏற்பாடு. உங்கள் பட்டியலை அதில் சேர்க்கக் கேளுங்கள். பிறகு கிராமசபையில் வாசிக்க அனுமதி கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை தவறாமல் கூடும் நாட்கள். பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படத்தோடு பிள்ளைகளே வாசித்தால் ஊர் கேட்கும்.

பதிவுகள் என்ன செய்யும் என்பதற்கு மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவையினங்கள் அங்கே இருப்பதும், அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு இருப்பதும் அறிவிப்பிலேயே இடம்பெற்றன. பிறகு டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது மக்கள் எழுந்து போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்து செய்ய வைத்தது மக்களின் போராட்டம். ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று காட்ட அவர்கள் கையில் ஏற்கெனவே பட்டியல் இருந்தது.

ஊருக்கு நீங்கள்தான் பாதுகாப்பைக் கற்றுத்தருகிறீர்கள் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த மாதிரி வழக்கம் உங்கள் கண்மாய்க்கும் ஏதாவது இருக்கும். அதைக் கண்டுபிடித்து, அதன்மேல் கட்டுங்கள்.

12. மேற்படிப்பும் முதல் வேலையும்

வனஉயிரியல் முதுகலைக்கு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் தமிழ்நாட்டில் உள்ளன. தேசிய அளவில் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும். பெங்களூரு மையத்தின் வனஉயிரியல் படிப்புக்கு ஓராண்டு விட்டு ஓராண்டுதான் சேர்க்கை. அந்த ஆண்டைத் தவறவிட்டு அழுதவர்கள் உண்டு, முன்பே பாருங்கள். கோவை ஆனைக்கட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் திட்டப்பணி அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வு. கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் தனித் தாளாகவே இருக்கிறது. இந்திய வனப்பணிக்கு விலங்கியல், தாவரவியல் பட்டங்கள் தகுதிப் பட்டியலில் உள்ளன. உயிரித்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் படிப்பவர்கள் தங்கள் பட்டத்தின் பெயர் அறிவிப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தயாராகுங்கள்.

ஆய்வாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும்: நீங்கள் யார், உங்கள் கண்மாயில் எத்தனை மாதம் என்ன எண்ணினீர்கள், அவருடைய எந்த ஆய்வோடு அது தொடர்புடையது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும். “எந்த வேலையாக இருந்தாலும் செய்வேன்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதைப் படிப்பவருக்கு எந்த வேலை கொடுப்பது என்று தெரியாது. ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். சாப்பாடு, தங்குமிடம், பயணச்செலவு யார் கொடுப்பார்கள் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. சம்பளமில்லாத தன்னார்வப் பணி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே முடியும். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இந்தத் துறையை விட்டுப் போவதற்கு இதுவே பெரிய காரணம், திறமைக்குறைவு அல்ல. உங்களிடமே பணம் கேட்டுச் சான்றிதழ் தரும் இன்டர்ன்ஷிப்புகளுக்குப் போகாதீர்கள். அந்தப் பணத்தில் இருநோக்கி வாங்கிவிடலாம்.

பரிந்துரைக் கடிதம் உங்களைக் களத்தில் பார்த்தவரிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருந்தாலும் உங்களைத் தெரியாதவர் எழுதும் கடிதம் இரண்டு வரியில் முடிந்துவிடும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே, உங்கள் தரவின் சுருக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

13. கண்மாயை ஒப்படைப்பது

பட்டம் முடிந்து வெளியூர் போகும்போது எண்ணிக்கை நின்றுபோவதுதான் வழக்கம். கடைசி ஆண்டு டிசம்பரிலேயே இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே புள்ளியில் நின்று, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ணுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். எண்கள் எங்கே விலகுகின்றன என்று பேசினால் அவருடைய தவறும் தெரியும், உங்களுடையதும் தெரியும். இரண்டும் நெருங்கிவரும் வரை சேர்ந்தே போங்கள்.

ஒப்படைக்க வேண்டியவை: புள்ளிகளின் வரைபடம், எண்ணும் முறையை எழுதிய ஒரு பக்கம், மூலக்கோப்பு, குறிப்பேட்டின் படங்கள், பள்ளிப் பொறுப்பாசிரியரின் அறிமுகம். நீர்பாய்ச்சியிடமும் ஊராட்சித் தலைவரிடமும் புதியவரை நேரில் அழைத்துப்போய், “அண்ணே, இனி இவங்கதான் வருவாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கைப்பேசியில் எண்ணை அனுப்பிவிட்டுப் போனால் அடுத்தவர் மறுபடியும் நான்காம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.